தலைக்கு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு

“கவர்மெண்டு காலேஜுக்குக் கோடி கோடியாக் கொட்டறாங்க. பசங்க படிக்கறதும் இல்ல, படிச்சாலும் வேலை கெடைக்கறதும் இல்ல. எல்லாம் நம்ம வரிப்பணமுங்க!” அன்னூர் வட்டாரத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்புவது இப்போது அரிது. பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. தறி போட்டுப் பிழைப்பவர், ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர், பையனைக் கடன் வாங்கித் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட்டு மாதாமாதம் தவணை கட்டுகிறவர். இதையே படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள்: உயர்கல்வியால் பயன் அடைவது படிக்கிற ஆள்தான், ஆகவே செலவையும் அவரே ஏற்கட்டும், ஒரு மாணவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு செலவழிப்பது நியாயமில்லை, அந்தப் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், கல்லூரியைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வாதம் அடியிலிருந்து நுனிவரை தவறு என்பது என் கருத்து. இதை நம்பி அரசு நடந்தால், கொங்கு நாட்டில் தறிக்கூடத்தையும் காட்டு வேலையையும் நம்பியிருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் மேல்தான் முதல் அடி விழும். அதனால் இதை விலாவாரியாக மறுத்தாக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு உயர்கல்வித் துறைக்கு ஒதுக்கிய தொகை 8,494 கோடி ரூபாய். அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி படிப்பவர்கள் சுமார் 33 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள்: ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 26,000 ரூபாய்க்கும் குறைவு, மாதத்துக்கு 2,100 ரூபாய் சொச்சம். அரசிடமிருந்து பெரிதாக எதுவும் பெறாத தனியார் கல்லூரிப் பிள்ளைகளும் அந்த 33 லட்சத்தில் இருக்கிறார்களே என்று கேட்கலாம். சரி, பாதிப் பேரை நீக்கிவிட்டே கணக்குப் போடுவோம். அப்போதும் 52,000 ரூபாயைத் தாண்டவில்லை. இதற்குள்தான் பேராசிரியர் சம்பளம், பல்கலைக்கழக மானியம், பாலிடெக்னிக், கட்டடம், ஆய்வகம், உதவித்தொகை எல்லாம் அடக்கம். கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள் என்று சொல்கிறவர்கள் கோடியைப் பார்த்தார்கள். அதற்குக் கீழே இருக்க வேண்டிய லட்சத்தைப் பார்க்கவில்லை.

உண்மையிலேயே தலைக்கு அதிகமாகச் செலவாகிற இடம் வேறு. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் ஐ.ஐ.டி.களுக்கு ஒதுக்கீடு 11,349 கோடி ரூபாய். நாட்டின் 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து 1.35 லட்சம் மாணவர்கள் படிப்பதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதே பட்ஜெட் உரையில் சொன்னார். ஆக, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 8.4 லட்சம் ரூபாய். ஆராய்ச்சிக்கும் புதிய கட்டடங்களுக்குமான பணமும் அதில் உண்டு என்பது தெரியும். அதைக் கழித்தாலும் தொகை பெரியதுதான்: 2016-இல் ஐ.ஐ.டி. கட்டணத்தை 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தியபோது, ஒரு மாணவருக்கு ஆகும் செலவு ஐந்தாறு லட்சம் என்றே அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். ஐ.ஐ.டி.க்குக் கொடுப்பதைக் குறையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல படிப்பைக் கொடுக்க அவ்வளவு ஆகும் என்றால் ஆகட்டும். ஆனால் அங்கே 8 லட்சம் செலவழிப்பதை நாட்டின் பெருமை என்கிற அதே வாய், மேட்டுப்பாளையத்திலோ அவிநாசியிலோ இருக்கிற அரசுக் கலைக் கல்லூரிப் பிள்ளைக்கு அதில் பதினைந்தில் ஒரு பங்கு கூடச் செலவாகாதபோது வீண் என்கிறது. இதை எப்படி ஏற்பது?

அன்னூர்ப் பிள்ளைகள் அரசுக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் அந்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறார்கள், அல்லது சத்தி ரோட்டில் கோவைக்குப் போகிறார்கள். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு வேளையாக ஓடும் அரசுக் கல்லூரிகளில், காலை வகுப்பு முடிந்ததும் துணிக்கடையில் நிற்கப் போகிற பையன்கள் உண்டு. மதிய வகுப்புக்கு வருமுன் வீட்டில் நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் உண்டு. இந்தப் பிள்ளைகள் அரசுக்குப் பாரம் என்கிற பேச்சைத்தான் பந்தியில் உட்கார்ந்து நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பேச்சு நம் ஊரில் முளைத்தது அல்ல. 1980களில் உலக வங்கி, ஏழை நாடுகள் ஆரம்பக் கல்விக்குச் செலவழித்தால்தான் லாபம், உயர்கல்விக்கு மாணவரே பணம் கட்டட்டும் என்று எழுதத் தொடங்கியது. 1997-இல் ஒன்றிய நிதியமைச்சகம் அரசு மானியங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆரம்பக் கல்வியைத் தகுதியுள்ள செலவாகவும் உயர்கல்வியைத் தகுதியில்லாத செலவாகவும் பிரித்து வைத்தது. 2000-இல் பிரதமரின் வணிக, தொழில் மன்றத்துக்காக முகேஷ் அம்பானியும் குமாரமங்கலம் பிர்லாவும் தந்த அறிக்கை, உயர்கல்வியில் பயன்படுத்துகிறவரே பணம் கட்ட வேண்டும் என்றது. அதே 2000-இல் உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டிய நிபுணர் குழு, உயர்கல்வியைப் புறக்கணித்தது வளரும் நாடுகளுக்குக் கேடு என்று பழைய நிலைப்பாட்டை மாற்றிச் சொன்னது. அந்த மாற்றம் டெல்லிக் கோப்புகளில் ஏறவில்லை. பழைய வாதம் மட்டும் பத்திரிகைத் தலையங்கம், தொலைக்காட்சி விவாதம், வாட்ஸ்அப் என்று இறங்கி இறங்கி நம் டீக்கடை வரை வந்துவிட்டது.

“நம்ம வரிப்பணம்” என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யாருடைய வரி? வருமான வரி கட்டுகிறவர் மட்டும்தான் வரி கட்டுகிறார் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. இருக்கிறது. அதற்கு முன் விற்பனை வரி இருந்தது. மில்லில் கோன் வைண்டிங் பார்க்கிற அம்மா வாங்குகிற செருப்பிலும், செல்போன் ரீசார்ஜிலும், பிள்ளைக்கு வாங்கும் ரெடிமேட் சட்டையிலும் வரி இருக்கிறது. அவர் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை; வருகிற காசு அத்தனையும் கடைக்குத்தான் போகிறது. மாதம் 2 லட்சம் சம்பாதித்து அதில் பாதியை நிலத்தில் போடுகிறவரைவிடத் தன் வருமானத்தில் அதிகப் பங்கை மறைமுக வரிக்குக் கொடுப்பவர் அந்த அம்மாதான். அவர் மகள் அரசுக் கல்லூரியில் படித்தால், அது அவர் கட்டிய பணத்தில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு.

இன்னொன்றையும் நம் வட்டாரத்துக்காரர்களிடம் நேராகவே கேட்க வேண்டும். நம் கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அது சும்மா வந்ததில்லை. சத்தி ரோட்டில் அன்னூருக்கு வரும் வழியில் இருக்கிற வையம்பாளையத்துக்காரர் நாராயணசாமி நாயுடு. அவர் தலைமையில் 1970களில் விவசாயிகள் கோவைச் சாலைகளில் மாட்டுவண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டங்களின் பலன் இது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட் ஆனது. அறுபது ஆண்டு கேட்டுக் கேட்டு ஓய்ந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. 1,916 கோடி ரூபாய்த் திட்டம். 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். பாசன வசதி பெறும் நிலம் 24,468 ஏக்கர் என்பது அரசு சொன்ன கணக்கு. ஏக்கருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 7.8 லட்சம் ரூபாய் வருகிறது. அதை அந்த நிலத்துக்காரரிடமே வசூலிக்க வேண்டும் என்று நம்மில் ஒருவராவது சொன்னோமா? சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நிலத்தடி நீர் ஏறினால் நிலத்துக்காரர் மட்டும் பிழைப்பதில்லை; வேலைக்கு வருகிறவர், மாடு வைத்திருப்பவர், ஊரில் மளிகைக்கடை போட்டிருப்பவர் என்று எல்லாரும் பிழைக்கிறார்கள். இந்த நியாயம் தண்ணீருக்கு நமக்கு விளங்குகிறது. படிப்புக்கு மட்டும் ஏன் விளங்காமல் போகிறது? ஒரு வீட்டில் முதல் பட்டதாரி வந்தால் அடுத்து அந்தத் தெருவில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பது ஊரில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

“இங்கெல்லாம் கல்வியை வளர்த்ததே தனியார்தானுங்களே” என்பது கொங்கு நாட்டுக்கே உரிய வாதம். இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்தப் பெருமிதத்தில் நியாயமும் உண்டு. பி.எஸ்.ஜி. குடும்பம் 1926-இல் தன் சொத்தில் ஒரு பங்கை அறக்கட்டளையாக்கியது. தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். இவற்றை மறக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் கதையின் அடுத்த பாதியை விட்டுவிட்டுச் சொல்வது சரியல்ல. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் வந்தது, கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 1956-இல் வந்தது. இரண்டுமே அரசு உதவி பெறும் கல்லூரிகள். கொடையாளர் இடமும் கட்டடமும் தந்தார்; பேராசிரியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் தந்தது அரசு கஜானா. அந்த உதவி இருந்ததால்தான் கட்டணம் குறைவாக இருந்தது. கட்டணம் குறைவாக இருந்ததால்தான் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை உள்ளே போய் இன்ஜினியராக வெளியே வந்து, கோவையில் பம்பும் மோட்டாரும் செய்கிற பட்டறைகளை நடத்தினான். அதற்கு முன்பே 1852-இல் வேர்விட்ட கோவை அரசு கலைக் கல்லூரி இருந்தது; 1945-இல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது; கோவைக்கு இடம்பெயர்ந்து வந்து பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்த வேளாண் கல்லூரி இருந்தது. 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் ‘கோ’ ரகக் கரும்பு இந்தியா முழுக்கப் பரவியது. எம்.சி.யு. ரகப் பருத்தி நம் கரிசல் காட்டில் விளைந்து நம் மில்லுக்கே போயிற்று. ஒரு பேராசிரியருக்கு இவ்வளவு, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கணக்குப் பார்த்து மூடியிருந்தால் கோவை இன்று கோவையாக இருந்திருக்காது. சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக 1946 முதல் 1949 வரை இருந்தவர் அதே அவினாசிலிங்கம். காமராஜர் அமைச்சரவையில் நிதியையும் கல்வியையும் சேர்த்துப் பார்த்தவர் பொள்ளாச்சி சி. சுப்பிரமணியம். நிதி அமைச்சரே கல்வி அமைச்சராகவும் இருந்த காலத்தில் கல்விக்குப் பணம் கொடுப்பது தர்ம காரியமாகக் கருதப்படவில்லை, முதலீடாகக் கருதப்பட்டது.

சுயநிதிக் கல்லூரி என்ற ஏற்பாடு இதற்கெல்லாம் பிந்தியது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. கோவையில் குமரகுரு, பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி என்று அந்த ஆண்டே தொடங்கின. பிறகு சாலைக்குச் சாலை கல்லூரி வந்தது. 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களில் உயர்கல்விக்குப் போகிறவர் விகிதம் அதே 2021-22 ஆய்வின்படி இந்திய அளவில் 28.4 சதவீதமாக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 சதவீதமாக இருந்ததே, அதில் சுயநிதிக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பங்குக்கு விலை கொடுத்தது யார்?

ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 அல்லது 87,000. காகிதத்தில் இவ்வளவுதான். கல்லூரி பஸ்ஸுக்குத் தனி, பரீட்சைக்குத் தனி, பிளேஸ்மென்ட் பயிற்சிக்குத் தனி, சீருடைக்கும் லேப் கோட்டுக்கும் தனி. எனக்குத் தெரிந்த ஒரு கூலித்தறிக் குடும்பத்தில் பணம் கட்டிய ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார்கள். கல்விக் கட்டண ரசீது ஒன்று இருந்தால், இதர கட்டண ரசீது மூன்று இருக்கிறது. அதில் பாதிக்கு இன்னதற்கு என்று எழுதியிருக்கவில்லை. அந்தக் கவரிலேயே நகைக்கடன் ரசீதும் இருக்கிறது. மூத்த பெண்ணுக்குப் போட வைத்திருந்த சங்கிலி பேங்கில் இருக்கிறது. பையன் வேலைக்குப் போனதும் மீட்டுக்கொள்ளலாம் என்கிறார் அவன் அம்மா. மூத்த பெண் பிளஸ் டூ முடித்ததும் மில்லுக்குப் போனவள்.

தனியாரிடம் விட்டுவிட்டால் செலவு மிச்சம் என்கிற வாதத்துக்கு இந்தப் பிளாஸ்டிக் கவரே பதில். செலவு எங்கேயும் போய்விடவில்லை. அரசு கணக்கிலிருந்து இறங்கி, பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண்ணின் கழுத்துக்கு வந்துவிட்டது. கொங்கு மண்டலத்து மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏழைப் பெண்களைக் கூட்டி வந்தார்களே, அது நம் கண்ணெதிரே நடந்தது. மூன்று வருடம் என்பது ஒரு பட்டப்படிப்பின் காலம். அந்த வயதில், அந்த மூன்று வருடத்தை அந்தப் பெண்கள் கல்லூரியில் கழிக்க முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தலைக்கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. “சும்மா ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கெடுக்கிறார்கள்” என்றார்கள். பிளஸ் டூ முடித்த பெண்ணைக் காட்டி, “இவளை இன்னும் படிக்க வெக்கறதா, மில்லுக்கு அனுப்பறதா” என்று வீட்டில் பேச்சு வரும்போது, அந்த ஆயிரம் ரூபாய் அவள் பக்கம் நின்று பேசுகிறது.

கல்லூரி கட்டுவதற்குப் பதிலாக மாணவருக்கே பணத்தைக் கொடுத்துத் தனியார் கல்லூரிக்கு அனுப்பிவிடலாம் என்பார்கள் சிலர். அதுவும் ஓரளவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நல்ல ஏற்பாடு; அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லாதபோது இது வேண்டும். ஆனால் இதையே கொள்கையாக்கினால், வருடாவருடம் கட்டும் பணத்துக்கு அரசு கையில் மிஞ்சுவது ரசீது மட்டும்தான். அதே பணத்தில் அரசுக் கல்லூரியில் ஒரு ஆய்வகம் வந்தால் இருபது வருடப் பிள்ளைகள் அதில் படிப்பார்கள்.

இனி, தலைக்கு ஆகும் செலவு குறைவாக இருப்பதே திறமை என்று பாராட்டுகிறவர்களுக்கு வருகிறேன். அகில இந்திய அளவில் அரசுக் கல்லூரிகள் மொத்தக் கல்லூரிகளில் ஐந்தில் ஒன்றுதான். மாணவர்களில் மூன்றில் ஒருவர் அங்கே படிக்கிறார். அதாவது கல்லூரிக்குக் கல்லூரி கூட்டம் அதிகம். கூட்டம் அதிகமானால் தலைக்கணக்கு இறங்கத்தான் செய்யும். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று வரையறுத்தது. நிரந்தர உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். ஒரே படிப்பு, ஒரே தகுதி, ஒரே வகுப்பறை. சம்பளம் மட்டும் பாதிக்கும் கீழே. அரசுக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் ஒருவரை எனக்குத் தெரியும். முனைவர் பட்டம் வாங்கியவர், நாற்பது வயதைத் தாண்டியவர். மே மாதம் சம்பளம் இல்லை என்பதால் அந்த மாதம் ஒரு ஜவுளிக் கம்பெனியில் பில் போடுகிறார். அவருடைய மாணவன் ஒருவனே அங்கே பண்டல் கட்ட வந்தபோது அவர் திரும்பி நின்றுகொண்டாராம். அவர் துறையின் ஆய்வகத்தில் ஒரு மைக்ரோஸ்கோப்பைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் நிற்கிறார்கள். பின்னால் நிற்கிற பிள்ளை முன்னால் நிற்கிறவள் வரைந்த படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைகிறது. அரசு மிச்சம் பிடித்த பணம் என்பது இந்த மனிதரின் மே மாதச் சம்பளமும் அந்தப் பிள்ளை பார்க்காத சிலைடும்தான்.

2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போயிற்று. அந்தப் பணியிடங்கள் காலியாக இருந்த ஒவ்வொரு மாதமும் அரசின் தலைக்கணக்கு அழகாகத்தான் இருந்திருக்கும்.

பட்டதாரிகளுக்கு வேலையில்லை, அதனால் செலவு வீண் என்ற வாதத்தையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பி.எஸ்சி. முடித்தவனுக்குச் சோதனைக்கூடத்தில் கை பழகவில்லை, பி.காம். முடித்தவளுக்கு டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டனும் தெரியவில்லை என்று நம் ஊர்த் தொழில்காரர்கள் குறைப்படுவது உண்மை. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் கருவி வாங்கக் காசு தராமல், கற்றுக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் தராமல், நூறு பேரை ஒரு அறையில் உட்காரவைத்துவிட்டு, பிறகு “பார்த்தீங்களா, ஒண்ணும் தெரியல” என்று சொல்வது என்ன நியாயம்? குறைவாகச் செலவழித்ததன் விளைவைக் காட்டி இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். மில்லில் ஆள் கிடைக்கவில்லை, படிப்பு வந்ததால் தறிக்கு யாரும் வருவதில்லை என்ற அங்கலாய்ப்பும் இதன் பின்னால் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லாமல் வரிப்பணம் என்று சொல்கிறார்கள். மகன் படித்துத் தறிக்கூடத்தை விட்டுப் போனால் அது தகப்பனுக்கு வெற்றி. அந்த வெற்றியைத் தொழிலுக்கு வந்த நஷ்டமாக எண்ணுகிறவர்களின் கணக்கை அரசு தன் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பள்ளிக்கல்விக்குக் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கத்தான் செய்கிறார்கள்: அதே 2025-26-இல் பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி, உயர்கல்வியைப்போல் ஐந்தரை மடங்கு. இன்னும் கொடுத்தாலும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பள்ளியில் நாளைக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தப் போகிற ஆசிரியர் அரசுக் கலைக் கல்லூரியிலிருந்துதான் வரவேண்டும்.

வெளிநாட்டில் மாணவர்தான் பணம் கட்டுகிறார் என்பதும் பாதி உண்மை. இங்கிலாந்து 1998-இல் கட்டணத்தைக் கொண்டுவந்து 2012-இல் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்த்தியது. மாணவர் கடன் வாங்கினார். முப்பது ஆண்டில் அடையாத கடன் தள்ளுபடி என்பது அன்றைய ஏற்பாடு, ஆகவே கணிசமான பகுதி கடைசியில் அரசு தலையில்தான் விழுகிறது. ஜெர்மனியில் சில மாநிலங்கள் கட்டணம் வாங்கிப் பார்த்தன. 2014-இல் கடைசி மாநிலமும் அதைக் கைவிட்டது. தனியார்மயத்துக்கு முன்மாதிரி என்று காட்டப்பட்ட சிலியில் மாணவர்கள் 2011-இல் தெருவுக்கு வந்தார்கள். 2016 முதல் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கல்லூரிப் படிப்பு இலவசம். நம் நாட்டில் தேச வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-இல் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தை மறுபடி எழுதியது. இடைப்பட்ட இத்தனை ஆண்டில் ஒரு முறைகூட அந்த அளவை எட்டியதில்லை. கொட்டிக் கொடுக்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரே ஒரு ஆண்டைக்கூடச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

செலவில் ஓட்டையே இல்லை என்று நான் வாதாடவில்லை. திறப்பு விழா முடிந்த கட்டடத்தில் தண்ணீர் வராமல் இருக்கலாம். வாங்கிய கம்ப்யூட்டர் பெட்டி பிரிக்காமல் கிடக்கலாம். வகுப்புக்குப் போகாத பேராசிரியரும் இருக்கலாம். அதைத் தணிக்கை செய்யுங்கள், கேள்வி கேளுங்கள், கல்லூரியின் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன். வாய்க்கால் உடைந்தால் அடைக்கத்தான் வேண்டும். மடையை மூடுங்கள் என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை.

அன்னூர், அவிநாசி சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு மாணவருக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்காதீர்கள். நம் பிள்ளைகள் போகிற அரசுக் கல்லூரியில் எத்தனை நிரந்தரப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், எத்தனை இடம் காலி, கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதச் சம்பளம் எப்போது வரும், ஆய்வகத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.